ஃபார்மட் பண்ண முன்னம் பாருங்கள்: லினக்ஸ் கணினியின் பழுதுகள், அறிகுறிப்படி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர்களின் வீடுகள், ஒரு டியூட்டரி, ஒரு கொமியூனிகேஷன் கடை என்று இருபது கணினிகள் வரை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பழைய கணினிகள். 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்ற கையோடு பல லினக்ஸ் மின்டுக்கோ உபுண்டுவுக்கோ (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளங்கள்) மாறின. எல்லாவற்றுக்கும் வருவது திரும்பத் திரும்ப அதே பழுதுகள்தான். பாதிக்கு மேல் கரண்ட் போய்வந்ததன் விளைவு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

போன வருடம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கணினி எழும்பவில்லை என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள். அவர்கள் ஃபார்மட் பண்ணி, புதிதாக ஏற்றி, வேலை செய்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வருடக் குறிப்புகள் போய்விட்டன. அந்தப் பழுது கீழே மூன்றாவது தலைப்பில் இருக்கிறது. ஒரேயொரு கட்டளை போதுமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இவற்றைப் பெரும்பாலும் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பவன். கட்டளைகளை இங்கேயும் வாயால் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகத் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘டி’ என்று குறிலில் வந்தால் டோர் என்ற சொல்லின் முதல் எழுத்து, ‘டீ’ என்று நெடிலில் வந்தால் டேபிளின் முதல் எழுத்து; ‘பி’ என்று வருவது பேப்பரின் முதல் எழுத்து. ‘சூடோ’ என்று வருமிடத்தில் எஸ், யூ, டி, ஓ. அதன் பிறகு கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

எதற்கும் முன்னம்: ஒரு பென்டிரைவ்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை எழுதி மேசை லாச்சியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் ஏதாவது ஒரு கணினியில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருளால் எழுதலாம். கணினி எழும்பாத நாளில் அதைச் செருகி, பவர் போட்டவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12ஐ, எச்பி என்றால் எஃப்9ஐ விட்டுவிட்டுத் தட்டினால் எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும். பென்டிரைவைத் தெரிவுசெய்தால் டிஸ்கைத் தொடாமலே முழு டெஸ்க்டொப்பும் வரும். அங்கே கோப்பு மேலாளரைத் திறந்து உங்கள் டிஸ்கைச் சொடுக்கினால், ‘ஹோம்’ என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் எல்லாம் இருக்கும். வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். டெஸ்க்டொப்பில் இருக்கும் ‘இன்ஸ்டால்’ படத்தை மட்டும் தொட வேண்டாம்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு என்ன பிழை விட்டாலும் பெரிய நட்டமில்லை. ஆறுதலாகத் திருத்தலாம்.

1. சுவிட்சை அழுத்தினால் உயிரே இல்லை

சுவர் பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால், யூபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் விலக்கிவிட்டுக் கணினியை நேரே சுவரில் செருகுங்கள். பற்றரி செத்த யூபிஎஸ் சில, கரண்ட் இருந்தாலும் வெளியே கொடுக்காது. ‘கணினி போய்விட்டது’ என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பல தடவை பழுது யூபிஎஸ்ஸில்தான் இருந்தது. கணினியின் பின்பக்கச் சிறு சுவிட்சையும் பாருங்கள். கூட்டும்போது தட்டுப்பட்டு அணைந்திருக்கும்.

அதிலும் இல்லையென்றால் வயரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, திரும்பச் செருகுங்கள். மடிக்கணினி என்றால், பற்றரி கழறும் வகையானால் அதையும் எடுத்துவிட்டு இதையே செய்யலாம்.

அடுத்தது பவர் சப்ளை. தெரிந்தவரிடம் நல்லது ஒன்று இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்து உள்ளே கைவைக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள். மதர்போர்ட் என்று சொன்னால், முதலில் வேறு பவர் சப்ளை போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

2. காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு

*கம்பெனியின் சின்னமே வரவில்லை*

திரையின் வயரை இரு பக்கமும் கழற்றிச் செருகுங்கள். கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் திரை வயர் அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. வீடு கூட்டித் துடைத்த மறுநாள் வரும் அழைப்பு பெரும்பாலும் இது.

அப்புறம் ராம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவக அட்டை. காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் இருக்கும் வீடுகளில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். உப்புக்காற்று தொடுமுனைகளில் படிந்து மங்கலாக்கிவிடும். வயரைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, ராமின் இரு பக்கக் கொளுவிகளையும் விரித்தால் அது மேலே எழும்பும். பொன்னிறக் கோடுகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்து, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள்; எது கெட்டது என்று அப்போதே தெரியும். கடலோரத்து வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழுது வராமலே இதைச் செய்துவிடுவது நல்லது. இதிலும் வராவிட்டால் கடைக்குப் போகும் வேளை.

*சின்னம் வந்தது, பிறகு கறுப்பு*

அப்படியானால் வன்பொருள் பெரும்பாலும் சரி. கிராஃபிக்ஸ் டிரைவர்தான் சிக்கல், முக்கியமாக என்விடியா அட்டைகளில். எழும்பும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள், புதிய கணினிகளில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். கிரப் பட்டியல், அதாவது எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல், வரும். முதல் வரியில் நின்று ஈ எழுத்தைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாக எழுதுங்கள்: என், ஓ, எம், ஓ, டி, ஈ, எஸ், ஈ, டீ. எஃப்10ஐ அழுத்தினால் படம் கொஞ்சம் பெரிதாக, மங்கலாக வரும். வந்ததே போதும். உள்ளே போய் டிரைவர் மேலாளரில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை ஏற்றிவிட்டு மீள எழுப்புங்கள். அந்தச் சொல் அந்த ஒரு தடவைக்கு மட்டுந்தான், திரும்ப அழிக்கத் தேவையில்லை.

3. கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நிற்கிறது

அந்தப் பிள்ளையின் கணினிக்கு வந்தது இது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கணினி முழுதாகச் செத்துவிட்டதென்று தோன்றும். ஆனால் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் நின்றால் கோப்பு முறைமை அரைகுறையாக நின்றுவிடும், அவ்வளவுதான். லினக்ஸ் அதைக் கண்டு, மேற்கொண்டு போகாமல் உங்களைக் கேட்டு நிற்கிறது.

முதலில் ‘எக்ஸிட்’ என்று தட்டி என்டர் அடியுங்கள். சில வரிகள் வந்து திரும்ப அங்கேயே நிற்கும். அந்த வரிகளை வடிவாக வாசியுங்கள், போனில் படமெடுத்தும் வையுங்கள். மூன்று விதமாக இருக்கும்.

*கையால் சரிபார்க்கச் சொல்கிறது*

எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே (டிஸ்கைச் சரிபார்க்கும் கட்டளை) கையால் ஓட்டு என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அதே வரியின் தொடக்கத்தில் டிஸ்கின் பெயர்: சாய்கோடு, டி ஈ வி, சாய்கோடு, எஸ் டி ஏ 2 என்பதுபோல. புதிய எஸ்எஸ்டி என்றால் என் வி எம் ஈ என்று தொடங்கும். திரையில் உள்ளபடியே எடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

தட்ட வேண்டியது: எஃப் எஸ் சி கே, இடைவெளி, சிறுகோடு, அதோடு ஒட்டி ‘வை’ எழுத்து (ஆங்கிலத்தில் கடைசிக்கு முந்தியது), இடைவெளி, அந்த டிஸ்கின் பெயர். என்டர். எழுத்துகள் ஓடத் தொடங்கும். சில விநாடியில் முடியலாம், பெரிய பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணித்தியாலமும் எடுக்கலாம். இடையில் நிறுத்த வேண்டாம். மின்வெட்டு வரக்கூடிய நேரமென்றால் வெட்டு முடிந்த பிறகு தொடங்குங்கள். முடிந்ததும் ‘ரீபூட்’ என்று தட்டுங்கள். நான் பார்த்தவற்றில் மிகப் பெரும்பான்மை இதோடு எழும்பிவிட்டன. ஒரு கோப்பைக் காணவில்லையென்றால் டிஸ்கின் மேல்மட்டத்தில் ‘லொஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்’ என்ற கோப்புறையில் தேடுங்கள். பெயரில்லாமல் எண்களாக அங்கே கிடக்கலாம்.

*ஐ-ஓ பிழை என்று வரிவரியாக வருகிறது*

‘பஃபர் ஐ-ஓ எரர்’, ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்று வந்தால் மேலே சொன்ன கட்டளையை ஓட்டாதீர்கள். டிஸ்க் வாசிக்க முடியாமல் திணறுகிறது. எஃப்எஸ்சிகே அதன்மேல் எழுதினால் இருப்பதும் கெடலாம். பென்டிரைவிலிருந்து எழும்பி, மிக முக்கியமான கோப்புறையை முதலில், பிறகு மற்றவற்றை நகலெடுங்கள். திரைப்படங்களைக் கடைசிக்கு விடுங்கள்.

அங்கேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ஸ்மார்ட் தரவை (டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்துவைப்பது) பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் 5ஆம், 197ஆம் இலக்க வரிகள். 197 பூச்சியமாக இல்லையென்றால் வாசிக்க முடியாத பகுதிகள் இருக்கின்றன. அந்த டிஸ்கை இனி நம்பக்கூடாது, புதியது வாங்குங்கள்.

டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று தட்டும் சத்தம் வந்தால் அந்தக் கணமே பவரை நிறுத்துங்கள். இன்னொரு தடவை எழுப்பிப் பார்ப்போம் என்ற ஆசை வரும். ஒவ்வொரு சுற்றும் தட்டைக் கீறலாம். குளிர்பெட்டியில் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். செலவு கூடத்தான், ஆனால் சாதாரணத் திருத்தகம் திறந்து பார்த்த பிறகு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

*டிஸ்கே இல்லை என்கிறது*

நீண்ட இலக்கம் ஒன்றைக் காட்டி, அது இல்லை என்று சொல்லும். பெட்டியைத் திறந்து டிஸ்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் கழற்றிச் செருகுங்கள். சட்டா வயர் மலிவான சாமான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போனால் எடுக்கலாம். வயர் மாற்றியும் பயோஸ் திரையில் (பவர் போட்டவுடன் போகக்கூடிய, மதர்போர்டின் அமைப்புத் திரை) டிஸ்கின் பெயர் தெரியாவிட்டால் டிஸ்க் போய்விட்டது.

4. ‘கெர்னல் பேனிக்’ என்று நிற்கிறது, அல்லது அப்டேட் போகவே மாட்டேன் என்கிறது

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது.

எழும்பவே இல்லையென்றால் இரண்டாம் தலைப்பில் சொன்னபடி கிரப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்ட்’ என்று தொடங்கும் வரிக்குள் போங்கள். பழைய கெர்னல்கள் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) இலக்கத்தோடு இருக்கும். மேலே இருப்பதை விட்டு அடுத்த இலக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். அது எழும்பிவிடும், லினக்ஸ் பழைய கெர்னலை உடனே அழிக்காமல் வைத்திருப்பது இந்த நாளுக்காகத்தான்.

உள்ளே வந்ததும் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்): சூடோ, இடைவெளி, டி பி கே ஜி, இடைவெளி, இரண்டு சிறுகோடு ஒட்டினாற்போல் கன்ஃபிகர் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, சிறுகோடு ஏ. பாதியில் நின்ற வேலையை அது எடுத்து முடிக்கும்.

அப்டேட்டைத் தொடங்கினால் ‘லொக்’ (ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் தடுக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்று வந்தால், பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பத்து நிமிடம் பொறுங்கள். அந்த லொக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும், கேட்காதீர்கள். ஓடும் வேலையின் நடுவில் அழித்தால் அடுத்த தடவை இதே தலைப்புக்குத்தான் திரும்ப வருவீர்கள்.

5. கடவுச்சொல் சரி, ஆனால் திரும்பத் திரும்ப அதே நுழைவுத் திரை

கடவுச்சொல் பிழையென்றால் பிழை என்று சொல்லும். ஒன்றும் சொல்லாமல் ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தால், நான் முதலில் கேட்பது டிஸ்க் நிரம்பிவிட்டதா என்பதைத்தான்.

கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். உள்ளே போய் டி எஃப், இடைவெளி, சிறுகோடு எச் என்று தட்டுங்கள். வரும் பட்டியலின் வலது ஓரத்தில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். 100 வீதம் என்றிருந்தால் காரணம் அதுதான்.

சூடோ, ஏ பி டீ, கிளீன் என்று இடைவெளி விட்டுத் தட்டினால் இறக்கி வைத்த பொதிகள் அழியும். உங்கள் கோப்புகளைத் தொடாது. பெரும்பாலும் நுழைய அந்த இடம் போதும். கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அடித்து நுழைவுத் திரைக்குத் திரும்புங்கள், உபுண்டுவில் அது எஃப்1. உள்ளே வந்ததும் குப்பைத்தொட்டியைக் காலியாக்கி, மின்ட் பாவிப்பவர்கள் முறைமையின் பிரதிகளை எடுத்துவைக்கும் ‘டைம்ஷிஃப்ட்’டைத் திறந்து பாருங்கள். அன்றாடம் பத்துப் பிரதி வைக்கச் சொல்லி விட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். 120 ஜிபி எஸ்எஸ்டியை அது மட்டுமே விழுங்கியதை டியூட்டரியில் நான்கு கணினிகளில் பார்த்தேன். இரண்டு பிரதி போதும், மற்றதை அழியுங்கள்.

டிஸ்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் மின்டில் நுழைய முடியவில்லை என்றால், அதே கறுப்புத் திரையில்: ஆர் எம், இடைவெளி, புள்ளி, பெரிய எழுத்து எக்ஸ், பிறகு சிறிய எழுத்தில் அதோரிட்டி என்ற ஆங்கிலச் சொல், எல்லாம் ஒட்டி. சூடோ போட்டு ஏதாவது செயலியைத் திறந்தவர்களுக்கு இந்தக் கோப்பின் உரிமை மாறிப்போயிருக்கும். அழித்தால் நுழையும்போது புதிதாக உருவாகிவிடும்.

6. நேரம் பிசகுகிறது

எவ்வளவு பிசகு என்று முதலில் பாருங்கள். சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் பழுது எதுவும் இல்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இலங்கை நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக வாசிக்கிறது. டெர்மினலில் டைம், டேட் என்ற ஆங்கிலச் சொற்களும் சி டீ எல் எழுத்துகளும் ஒட்டி ஒரே சொல்லாக, இடைவெளி, செட் சிறுகோடு லோக்கல் சிறுகோடு ஆர் டீ சி, இடைவெளி, 1. தீர்ந்தது.

திகதியே பல வருடம் பின்னால் போய், பவர் போடும்போதெல்லாம் எஃப்1 அழுத்தச் சொன்னால் மதர்போர்டின் பற்றரி முடிந்துவிட்டது. சிஆர்2032 என்று கேளுங்கள், மணிக்கூட்டுக் கடையிலும் இருக்கும். மாற்றிய பிறகு பயோஸில் எந்த டிஸ்கிலிருந்து எழும்புவது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதுவும் மறந்துபோயிருக்கும். திகதி பிழையாக இருக்கும்வரை வங்கித் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். ‘வங்கிக் கணக்கை யாரோ உடைத்துவிட்டார்கள்’ என்று பதறி என்னைக் கூப்பிட்ட மாமி ஒருவருக்கு நடந்தது இதுதான்.

7. வைஃபை

போனிலும் இணையம் இல்லையென்றால் கணினியை விடுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே வயரில் பழுது, சேவை நிறுவனத்துக்கு அழையுங்கள்.

போனில் இருக்கிறது, கணினியில் வைஃபை என்ற சொல்லே இல்லை என்றால், அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் கழன்றிருக்கிறது. நான்காம் தலைப்பின் பழைய கெர்னல் வழி. அல்லது போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள், வயர் இணையமாகவே கணினி எடுத்துக்கொள்ளும். அதன் மூலம் டிரைவர் மேலாளரைத் திறந்து ஏற்றிக்கொள்ளலாம்.

8. தமிழ் எழுத்துக் குழம்பி வருகிறது

கொட்டாஞ்சேனைக் கொமியூனிகேஷனில் இதற்காகவே லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போடவிருந்தார்கள். ‘அண்ணை, எங்கட பழைய கடிதம் எல்லாம் பழுதாப் போச்சு’ என்றார் அங்கே தட்டச்சுச் செய்யும் தங்கச்சி. ஒரு கடிதமும் பழுதாகியிருக்கவில்லை.

ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் வந்து, சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தெரிந்தால் அது பாமினி எழுத்துரு. பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். பழைய கணினியிலிருந்து பாமினிக் கோப்பைக் கொண்டுவந்து இருமுறை சொடுக்கி ‘இன்ஸ்டால்’ கொடுங்கள், லிப்ரே ஒஃபிஸை மூடித் திறங்கள், கடிதம் வந்துவிடும். அச்செடுக்க மட்டும் என்றால் இவ்வளவு போதும். மின்னஞ்சலில் அனுப்பவோ தேடவோ வேண்டுமென்றால் எல்லாக் கணினியும் ஒரேமாதிரி வாசிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள்; புதிதாகத் தட்டுவதை இன்றிலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள்.

வெறும் பெட்டிகளாக வந்தால் தமிழ் யூனிகோடு எழுத்துரு இல்லை. மென்பொருள் மேலாளரில் ‘லோஹித்’ என்று தேடித் தமிழுக்கானதை ஏற்றுங்கள்.

தமிழ் விசைப்பலகைக்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதன் எம்17என் பொதியும் வேண்டும். இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசையமைப்பு அதற்குள் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது. ஏற்றியவுடன் பட்டியலில் தெரியாது. வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் வரும்.

9. கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றானால்

பவர் சப்ளை, மதர்போர்ட், திரை, இவற்றைத் திருத்த உங்கள் டிஸ்க் தேவையில்லை. மேசைக் கணினி என்றால் நான்கு ஆணிகளைக் கழற்றி டிஸ்கை வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். வேலை செய்கிறதா என்று அவர்கள் தங்கள் பென்டிரைவால் பார்த்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியில் கழற்ற முடியாவிட்டால், ‘ஃபார்மட் பண்ண வேண்டாம், தேவையென்றால் முதலில் அழைக்கவும்’ என்று ரசீதிலேயே எழுதுவியுங்கள். வாயால் சொன்னால் காணாது. வாங்கும் ஆளும் திருத்தும் ஆளும் வேறுவேறு. கூடவே நீங்கள் பார்த்த அறிகுறியையும், எதுவரை சரிபார்த்தீர்கள் என்பதையும், போனில் எடுத்த படத்தையும் கொடுங்கள்.